வாய்க்கு எட்டும் தூரம் – 14: ஒரு துணுக்கு கேக்

பேக்கரியின் பின்கதவுக்கு முன்னால் பட்டாணியின் அம்மாவை நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். ஒரு வாரமாக அவள் அங்கேயே நிற்கிறாளே என்று சிலர் கோபப்பட்டிருப்பீர்கள். நிற்கவில்லை. கதவைத் தட்டிவிட்டாள்.

திறந்தது அவள் கணவனின் தம்பி. முழங்கை வரை மாவு. இரண்டு வருடமாக முகத்தில் விழிக்காத அண்ணியைக் கண்டதும் அவன் கையிலிருந்த தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஆஸ்பத்திரியில கேட்டிருக்காங்க," என்று அவள் நிலைப்படியிடம் சொல்வது போலச் சொன்னாள். "முட்டை போட்ட கேக். ஒரே ஒரு முட்டை. உள்ள வரைக்கும் நல்லா வெந்திருக்கணும். கடையில வாங்கினது ஆகாதாம். யாரு செஞ்சது, எவ்வளவு போட்டாங்கன்னு தெரியணுமாம். என் அடுப்படிக்குள்ள என்னால முட்டையைக் கொண்டுவர முடியாது."

"யாருக்கு அண்ணி?"

"பட்டாணிக்கு."

முகத்தில் ஒட்டியிருந்த மாவுக்குக் கீழேயும் அவன் வெளுத்துப் போனான்.

பட்டாணிக்கு ஏழு வயது. பிறந்தபோது அத்தனை சிறிசாக இருந்ததால் வந்த பெயர். இப்போது பல் விழுந்து, கால் நீண்டு, பெயர் மட்டும் வளராமல் நிற்கிறது. அவளுக்கு முட்டை ஆகாது. வயிற்றுவலி, வாந்தி என்கிற அளவில் ஆகாதது அல்ல. உதடு தடிக்கும், கண் மூடிக்கொள்ளும், தொண்டை அடைக்கும். அப்புறம் மூச்சு.

அவளுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்குச் சித்தப்பா தன் கையால் முட்டை இல்லாத கேக் செய்துகொண்டு வந்தான். கேக்கில் முட்டை இல்லைதான். ஆனால் அதை வெட்டிய கத்தி, அதற்கு முன் வேறொரு கேக்கை வெட்டியிருந்தது. மெழுகுவத்திப் புகை அடங்குவதற்குள் குழந்தையின் உதடு நீலம் பாய்ந்தது. பிழைத்தது மறுபிறவி. ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அம்மா சொன்னாள்: "உங்க கை பட்ட எதுவும் இனி என் வீட்டுக்குள்ள வரக் கூடாது. நீங்களும்தான்." அவன் திரும்பி நடந்தான். பிறகு வரவே இல்லை.

இப்போது டாக்டரம்மா வேறு மாதிரி சொல்கிறார். ரத்தப் பரிசோதனையில் ஒவ்வாமையின் வேகம் குறைந்திருக்கிறதாம். மாவோடு கலந்து நன்றாக வெந்த முட்டையை உடம்பு ஏற்றுக்கொண்டாலும் கொள்ளும். மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துணுக்குத் துணுக்காகக் கொடுத்துப் பார்த்துவிடலாமாம். ஏற்றுக்கொண்டால், பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணின் சாப்பாட்டுப் பெட்டியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று அம்மா கேட்கவில்லை. அந்தப் பதில் அவளுக்கு மனப்பாடம்.

*

வெள்ளிக்கிழமை காலை. அப்பாவும் பெண்ணும் சாப்பாட்டு மேஜையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு வாழைப்பழம்.

"நுனியில விரலை வை. மெதுவா அழுத்து. மூணா பிரிஞ்சா இன்னைக்கு நமக்கு ஜெயம்," என்றார் அப்பா.

பட்டாணி அழுத்தினாள். பழம் மூன்று நீளத் துண்டுகளாக வாய் பிளந்தது.

"எப்பவும் மூணாதானேப்பா பிரியும்?"

"அப்ப எப்பவும் நமக்கு ஜெயம்தான்!"

அப்பா பேருந்து ஓட்டுநர். அன்றைய காலை வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டும்போது உதடு பிரிக்காத மனிதர், சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்தால் குழந்தையிலும் குழந்தை. ரொட்டியின் ஓரத்தை முதலில் சுற்றிக் கடித்துவிட்டு, நடுப்பகுதியை மெத்தை என்று கைமேல் போட்டுத் தாலாட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் மெல்லுகிறவர் மெல்லுவது என்ன என்று சத்தத்தை வைத்தே சொல்லும் போட்டி வைப்பார். வெள்ளரிக்காய் 'கறுக்', ஆப்பிள் 'கரக்', முறுகிய ரொட்டி 'நொறுக்'. அவற்றுக்குள் இருக்கிற வித்தியாசம் அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். உருளைக்கிழங்கு மசியலில் மகள் அணை கட்டிச் சூப்பைத் தேக்கி வைத்தால், மதகைத் திறக்க உத்தரவு கொடுக்கிற அதிகாரியும் அவர்தான்.

கிடைப்பதைப் பற்றி இவ்வளவு என்றால், கிடைக்காததைப் பற்றி அவளுக்கு எவ்வளவு யோசனை இருக்கும்! எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் ஒரே கேள்விதான். முட்டை எப்படி இருக்கும்? அப்பாவின் வண்டி நடத்துநர், "சோப்பு மாதிரி வழுக்கும், ஆனா நுரைக்காது" என்றார். வகுப்பு டீச்சர், "மேகத்துக்குள்ள சூரியன்" என்றார். அப்பா, "தலையணையைக் கடிச்சா எப்படி இருக்கும்? அதுல கொஞ்சம் உப்பைப் போட்டுக்கோ" என்றார். அவள் அதையும் செய்து பார்த்தாள். தலையணை உறையைத் துவைத்தது அம்மா.

அம்மாவுக்கு இந்த விளையாட்டெல்லாம் ஒட்டாது. அவள் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். கண்ணாடி வில்லையைச் சட்டத்துக்குத் தக்கபடி மயிரிழை பிசகாமல் தேய்த்துக் கொடுக்கும் கை அவளுடையது. அந்தக் கையும் அந்தக் கண்ணும் வீட்டுக்கு வந்தால் தட்டையே தேய்க்கும். தட்டில் வருகிற எதுவும் அவளுக்குச் சாப்பாடு அல்ல, விசாரணைக் கைதி. நீ எங்கிருந்து வந்தாய், யாரோடு சேர்ந்திருந்தாய், உன்மேல் பட்ட கரண்டி எது?

"அரை வாழைப்பழம் போதும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க," என்று மீதிப் பழத்தை எடுத்து வைத்தாள். "பல்லைத் தேய். நாக்கைக் காட்டு. உதட்டைக் காட்டு."

"நேத்து பார்த்த அதே உதடுதான்மா."

அம்மா பார்த்தாள். இயல்பான உதடு எப்படி இருக்கும் என்று மனதில் பதித்துக்கொண்டாள். பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் அல்லவா.

தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் சித்தப்பா நின்றிருந்தான். தோய்த்து உலர்த்திய சட்டை. நகத்தைச் சதை ஒட்ட வெட்டியிருந்தான். கையில் மூடியிட்ட டப்பா, அதைச் சுற்றி ஒரு துணி, துணியைச் சுற்றி ஒரு பை.

"சித்தப்பா!" என்று ஓடப்போன பட்டாணியின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். அவனும் இரண்டடி பின்னால் போனான்.

"தினம் கூடை கூடையா உடைக்கிறவன் அண்ணி," என்று அவன் அண்ணனிடம் பையைக் கொடுத்துக்கொண்டே சொன்னான். "இந்த ஒரு முட்டையை உடைக்கக் கை வரலை. நான்... கூட வரட்டுமா? உள்ள வரமாட்டேன். வெளியில இருக்கேன்."

அம்மா பேருந்து வருகிறதா என்று பார்த்தாள். வராதே என்று சொல்லவில்லை. வண்டி வந்ததும் மூவரும் முன்பக்கம் ஏறினார்கள். அவன் பின்பக்கம் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பிரேக்கை மிதிக்கிறான் பாரு, எருமை மாட்டை உதைக்கிற மாதிரி," என்று அப்பா வழி நெடுக அந்த ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே வந்தார். பட்டாணி சிரித்தாள். மடியில் இருந்த டப்பாவை அம்மா மட்டும் வெடிகுண்டு போலப் பிடித்திருந்தாள்.

*

அறை சிறியது. ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, சுவரில் சாயம் போன பலூன் படம். தள்ளுவண்டியின் மேல்தட்டில் ஊசி, மருந்துக் குப்பி, மூக்கில் வைக்கிற குழாய். எல்லாம் பிரித்துத் தயாராக இருந்தன. அவற்றைப் பார்த்த பிறகு அம்மாவுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

டாக்டரம்மா டப்பாவைத் திறந்தார். அறை முழுக்க வெண்ணெய் வாசம் பரவியது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத கேக். மேல்பக்கம் செம்பழுப்பாக லேசாக வெடித்திருந்தது. டாக்டரம்மா கத்தியை எடுத்தார்.

"டாக்டர், அந்தக் கத்தி... வேற எதையாவது வெட்டினதா?"

டாக்டரம்மா நிமிர்ந்தார். "அம்மா, இன்னைக்கு முட்டையைத்தானே குடுக்கப் போறோம்!"

நர்ஸ் சிரித்துவிட்டாள். அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கத்தியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

முதல் துணுக்கு எறும்பு தூக்கிக்கொண்டு போகிற அளவு. பட்டாணி கண்ணை மூடி வாயைத் திறந்தாள்.

"என்ன தெரியுது?" என்றார் அப்பா.

"ஒண்ணும் தெரியலை. நாக்குல எங்க விழுந்துச்சுன்னே தெரியலை."

காத்திருந்தார்கள். டாக்டரம்மா வந்து கையைத் திருப்பிப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை. அடுத்தது கொஞ்சம் பெரிய துணுக்கு.

"இப்ப தெரியுது! முதல்ல இனிப்பு. அப்புறம் பஞ்சு. அப்புறம் பஞ்சு கரைஞ்சு மறுபடி இனிப்பு." அவள் நாக்கால் மேலண்ணத்தைத் தடவினாள். "இதுல முட்டை எங்கப்பா இருக்கு?"

"அதுவா? ஒளிஞ்சிருக்கு."

"எங்க?"

"அது தெரிஞ்சா அப்புறம் என்ன ஒளிஞ்சான் விளையாட்டு? நீதான் கண்டுபிடிக்கணும்."

அம்மா கட்டிலின் மறுபக்கம் நின்றாள். பெண்ணின் உதட்டையே பார்த்தாள். இமையைப் பார்த்தாள். கழுத்துக் குழியில் தோல் உள்வாங்குகிறதா என்று பார்த்தாள். வில்லையில் இருக்கிற கீறலைத் தேடுகிற பார்வை அது. அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தால் இல்லாத கீறலும் தெரியும். கன்னம் சிவந்திருக்கிறதோ? ஜன்னல் வெளிச்சமோ? திரையை இழுத்தாள். வெளிச்சம்தான்.

மூன்றாவது துணுக்கு, கட்டைவிரல் நுனி அளவு. வாங்கிப் போட்டுக்கொண்ட பட்டாணி பேசவில்லை. அப்பா கேட்டார். பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அம்மா குனிந்தாள். இடது கன்னம் உப்பியிருந்தது. ஒரு பக்கம் மட்டும். அந்தப் பிறந்தநாளன்று இப்படித்தான் தொடங்கியது.

"டாக்டர்!"

அந்தக் குரல் வராந்தாவின் கோடி வரை போயிருக்கும். டாக்டரம்மா ஓடிவந்தார். நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"வாயைத் திற கண்ணு. பெருசா... ஆ..."

பட்டாணி பயந்துபோய் வாயைத் திறந்தாள். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து, நர்ஸைப் பார்த்து ஊசியைக் கீழே வைக்கச் சொல்லிக் கையசைத்தார்.

"ஏம்மா, கேக்கை முழுங்காம கன்னத்துல எதுக்கு வச்சிருக்கே?"

"முழுங்கினா தீர்ந்துடும்ல," என்றாள் பட்டாணி. கண்ணில் நீர் முட்டியது. "அப்புறம் நீங்க ரொம்ப நேரம் கழிச்சுத்தான குடுக்கறீங்க."

நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்; தோள் குலுங்கியது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கன்னத்தையே மறுபடியும் பார்த்தாள்.

நான்காவது துண்டுக்குப் பிறகுதான் இருமல் வந்தது.

முதலில் ஒன்று. பிறகு இரண்டு சேர்ந்து. அப்பா தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடியும் இருமினாள். இந்தத் தடவை டாக்டரம்மா சிரிக்கவில்லை. குழலை முன்னால் வைத்துக் கேட்டார், பின்னால் வைத்துக் கேட்டார், மறுபடி முன்னால் வைத்துக் கேட்டார்.

"மூச்சு விடக் கஷ்டமா இருக்கா?"

"தொண்டையில ஏதோ இருக்கு."

"அரிக்குதா?"

பட்டாணி யோசித்தாள்.

"தெரியலை."

"பொறுத்துப் பார்ப்போம்," என்றார் டாக்டரம்மா. நர்ஸ் தள்ளுவண்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உருட்டிவந்தாள். சக்கரம் கிறீச்சிட்டது.

அம்மா பெண்ணின் முதுகில் கையை வைத்தாள். ஒவ்வொரு மூச்சும் உள்ளங்கையில் ஏறி இறங்கியது. நான்தானே சம்மதித்தேன் என்று நினைத்தாள். இத்தனை வருடம் முட்டை இல்லாமல் நன்றாகத்தானே இருந்தாள்? ரொட்டியும் வாழைப்பழமும் உருளைக்கிழங்கும் உலகத்தில் தீர்ந்தா போய்விட்டன? எதற்காக இந்தப் பேராசை?

திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் அங்கே இல்லை.

கதவு பாதி திறந்திருந்தது. வராந்தா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியைக் கம்பியில் அழுத்தி நின்றிருந்தார். சட்டையின் முதுகு முழுக்க வியர்வை. காலையிலிருந்து வாழைப்பழத்தில் ஜெயம் பார்த்தவர், பிரேக்கைச் சொல்லிச் சிரிக்கவைத்தவர். அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமும் இந்த வீட்டில் பயப்படுகிறவள் தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பட்டாணி பலமாகக் கனைத்தாள். எதையோ விழுங்கினாள்.

"போயிடுச்சு," என்றாள்.

"என்ன போயிடுச்சு?"

"தொண்டையில இருந்தது. மேல்பக்கம் மொறுமொறுன்னு இருந்துச்சுல்ல, அந்தத் துண்டு. குத்திக்கிட்டு நின்னுச்சு."

டாக்டரம்மா மறுபடி கேட்டார். நெஞ்சு சுத்தமாக இருந்தது. இருந்தாலும் நெடுநேரம் காத்திருந்தார். இருமல் திரும்பவில்லை.

மீதிக் கேக் தட்டில் இருந்தது. "இதையும் குடுத்தாத்தான் முழுசாத் தெரியும்," என்றார் அவர். "வேணாம்னா நிறுத்திடலாம். நீங்கதான் சொல்லணும்மா."

அப்பா வாசலில் வந்து நின்றிருந்தார். எல்லாரும் அம்மாவையே பார்த்தார்கள். பட்டாணி மட்டும் தட்டைப் பார்த்தாள்.

அம்மா தட்டை எடுத்துத் தன் கையாலேயே பெண்ணிடம் கொடுத்தாள்.

*

மதியம் தாண்டி டாக்டரம்மா கையைக் குலுக்கினார். குலுக்கியது பட்டாணியின் கையை.

"பாஸ்! ஆனா கவனமாக் கேளுங்க," என்று பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "இதே மாதிரி வேகவைச்ச கேக் மட்டும்தான். அடிக்கடி குடுத்துப் பழக்கணும். அவிச்ச முட்டை, ஆம்லெட், அரைவேக்காடு எதுவும் இப்போதைக்குக் கிடையாது. அதுக்கு வேற பரிசோதனை, வேற நாள். அலர்ஜிக்கான சிரப்பும் ஊசியும் எப்பவும் கூடவே இருக்கட்டும்."

ஆஸ்பத்திரி முற்றத்தில், கைப்பிடி உடைந்த பெஞ்சின் ஓரத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து அங்கேதான். அண்ணி தனியாக வருவதைக் கண்டதும் எழுந்தான்.

"சாப்பிட்டா," என்றாள் அவள். "கடைசித் துண்டு வரைக்கும்."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் மாத்திரைக்காக நின்றவர்கள், யாரோ இறந்துவிட்டார்கள் போலும் என்று இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"எழுந்திரிங்க. எல்லாரும் பார்க்கறாங்க," என்றாள் அம்மா. பிறகு, "நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அவன் தலையை அசைத்தான்.

"வீட்டுக்கு வாங்க. வந்து கையைக் கழுவிட்டு உட்காருங்க."

*

சாயங்காலம். முன்னறையில் சித்தப்பா நாற்காலியின் விளிம்பில், புது மாப்பிள்ளை போல உட்கார்ந்து தேநீர் குடித்தான். அவன் மடியில் தலை வைத்துப் படுத்த பட்டாணி அப்படியே தூங்கிப்போனாள். வாய் திறந்திருந்தது. அவன் தம்ளரைக் கீழே வைக்கக்கூட அசையவில்லை.

அப்பா வேலைக்குக் கிளம்பினார். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுக்களைக்கு வந்தவர், சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய எதையோ எடுத்து மேஜையில் வைத்தார்.

"என்னங்க இது?"

"பிரிச்சுப் பாரு."

அவித்த முட்டை. ஓட்டோடு, ஒன்றே ஒன்று. கடைத்தெருவில் வாங்கியது, இன்னும் சூடு ஆறவில்லை.

"உங்களுக்குப் பைத்தியமா? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"அவளுக்கு இல்லை. உனக்கு," என்றார் அவர். "கல்யாணமான புதுசுல நீ முட்டை சாப்பிடறதை நான் வேடிக்கை பார்த்துக்கிட்டே இருப்பேன். நீ அதை விட்டு ஏழு வருஷமாச்சு. அவ தூங்கறா. சாப்பிட்டுட்டு ஓட்டை வெளியில போட்டுடு. வாயைக் கழுவிடு. அவ்வளவுதானே?"

போய்விட்டார்.

அவள் முட்டையைப் பார்த்தாள். தூக்கி எறிந்துவிடத்தான் நினைத்தாள். காகிதத்தோடு எடுத்தவளுக்கு உள்ளங்கையில் அந்தச் சூடு பட்டது. முன்னறையை எட்டிப் பார்த்தாள். ஆழ்ந்த தூக்கம். கதவைச் சாத்தினாள். மேஜைமேல் பழைய தாளை விரித்தாள்.

தட்டினாள். ஓடு விரிசல்விட்டது. உள்தோலைப் பிடித்து இழுத்தால் ஓடு முழுசாகக் கழன்று வரவேண்டும், அதுதான் வித்தை. விரல்கள் மறக்கவில்லை. வந்தது. வழவழவென்று, மங்கலாக மின்னியது. மிளகுத்தூளை ஒரு சிட்டிகை தூவினாள். வெள்ளையைச் சுற்றிச் சுற்றிக் கடித்து, மஞ்சளை உடையாமல் உருண்டையாக வெளியே எடுக்க வேண்டும். சின்ன வயதில் இதற்காக அக்கா தங்கைகளுக்குள் பந்தயமே நடக்கும். இதோ, உடையாமல் வந்துவிட்டது. அதை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

மாவு போல உடைந்து, நாக்கெல்லாம் படர்ந்து, மிளகு மூக்கில் ஏறி... அடடா! தானும் ஒருகாலத்தில் சாப்பாட்டை ரசித்தவள் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. காலையிலிருந்து இறுகிக் கிடந்த தோள் தளர்ந்தது. தன்னையறியாமல் சிரித்தாள்.

"அம்மா!"

கண்ணைத் திறந்தாள். கதவு திறந்திருந்தது. தூக்கம் கலைந்த முகத்தோடு பட்டாணி.

வாய் நிறைய முட்டை. பேச முடியவில்லை. கையை நீட்டி, வராதே என்று அவசரமாக ஆட்டினாள். பட்டாணிக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. கண்ணை மூடி, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு சாப்பிடுகிற அம்மாவை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே பாய்ச்சலாக ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, அம்மா முகத்தைத் திருப்புவதற்குள், வாயோடு வாயாக அழுத்தி ஒரு முத்தம் கொடுத்தாள்.

அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். வாயிலிருந்ததைத் துப்பினாள். பெண்ணின் முகத்தைத் தண்ணீரில் பிடித்துத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

"வலிக்குதும்மா!"

"கொப்புளி! துப்பு! முழுங்காதே!"

சத்தம் கேட்டு வந்த சித்தப்பா, தாளில் கிடந்த ஓட்டைப் பார்த்தான். மருந்துப் பையிலிருந்து சிரப்பை எடுத்து அளந்து நீட்டினான். அவள் அவசரமாக வாங்கி ஊட்டினாள். பாதி மருந்து பெண்ணின் பாவாடையில் சிந்தியது. மறுபடி ஊற்றினான்.

பட்டாணியை மேஜைமேல் உட்கார வைத்து விளக்கைப் போட்டார்கள். காலையில் மனதில் பதித்த உதடு. மேலுதடு அப்படியே இருந்தது. கீழுதடும் அப்படியேதான் இருந்தது. ஓரத்தில் மட்டும் கடுகளவு சிவப்பு.

"தேய்ச்சதுல வந்திருக்கும் அண்ணி," என்றான் சித்தப்பா. அவன் குரலுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

பார்த்துக்கொண்டே நின்றார்கள். கடுகளவு மிளகளவாயிற்று. பக்கத்தில் இன்னொரு கடுகு.

"தம்பி," என்றாள் அம்மா. "ஓடுங்க. தெருவுல எந்த வண்டி வந்தாலும் நிறுத்துங்க."

அவன் செருப்புகூடப் போடாமல் ஓடினான். அவள் ஊசியை உறையிலிருந்து உருவிக் கையில் பிடித்துக்கொண்டாள். பெண்ணின் முதுகில் மறு கையை வைத்தாள். மூச்சு ஏறுகிறது. இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது.

பட்டாணிக்கு எதுவும் புரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து அழலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு, சிவந்திருந்த உதட்டு ஓரத்தை நாக்கால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். அவள் கண் அகலமாக விரிந்தது.

"அம்மா... இதுதான் முட்டையா?"

வெளியே ஏதோ வண்டி கிறீச்சிட்டு நின்றது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா."